முப்பது ஏப்ரன்களுக்கு ஒரு சொற்பொழிவு

"தேதியை மாத்துங்க, தேதியை மாத்துங்கன்னு மூணு வாரமா தொண்டை கிழியக் கத்தறேன்!" என்றான் ஸ்தேர்யோஸ். ஒரு கையில் போன், மறு கையில் இஸ்திரிப்பெட்டி.

"அதைத்தான் சரிபண்ணியாச்சுன்னு நேத்தே சொன்னேனே," என்றார் மாவட்டக் கலாச்சார அலுவலகத்து ஹரிக்லியா.

"என்னத்தைச் சரிபண்ணினீங்க? நேத்து ஏழு. இன்னிக்கு எட்டு. ஜனவரி எட்டு! அப்படியேதானே இருக்கு?"

"தேதி அப்படியேதான் இருக்கும். நான் சொல்ல வர்றது—"

"நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெரியும். இன்னிக்குக் கூட்டம் நடக்கலைன்னா நூலகத்துக்குப் பூட்டு. அதானே?"

"அது சரிதான். ஆனா பேராசிரியர் தெஸ்ஸலோனிகியிலிருந்து கிளம்பிட்டாங்க. முதல்ல வர்றதா இருந்தவருக்குப் பதிலா வேற ஒருத்தரைக் கேட்டு வாங்கியிருக்கேன். இவங்க—"

"யாரா இருந்தா என்னம்மா? யார் வந்தாலும் நனையத்தான் போறாங்க!"

போனை வைத்தான். கீழே பார்த்தான். தலையணை உறையில் இஸ்திரிப்பெட்டியின் வடிவம் பழுப்பாகப் பதிந்திருந்தது. மனைவி சுல்தானாவின் அம்மா பூவேலை செய்து கொடுத்த உறை.

ஜனவரி எட்டாம் தேதி அந்த ஊர் பெண்களுடையது. காலையில் ஊர்த் தலைவர் அனெஸ்திஸ் சதுக்கத்தில் நின்று சாவிக்கொத்தை ஒப்படைப்பார். அதன்பிறகு பொழுது சாயும்வரை காபிக்கடையில் பெண்கள் சீட்டாடுவார்கள், திராட்சைச் சாராயம் குடிப்பார்கள், மேளக்காரர்களை வரவழைத்து மேசைமேல் ஏறி ஆடுவார்கள். ஆண்கள் வீட்டில் இருக்க வேண்டும். கூட்ட வேண்டும், துவைக்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். தெருவில் தலைகாட்டும் ஆணுக்கு ஒரு வாளித் தண்ணீர். கிரேக்க நாட்டின் வடக்கில், ஜனவரியில், அது ஒன்றும் விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல. ஆனாலும் ஆண்கள் இந்த வழக்கத்தை மனதாரக் கொண்டாடினார்கள். மறுநாள் ஒன்பதாம் தேதி வந்துவிடும் என்பதால் அவர்களுக்குக் கவலை இல்லை.

ஸ்தேர்யோஸ் அந்த ஊர் நூலகர். நூலகம் என்பது ஓர் அறை, ஓர் இரும்பு அடுப்பு, மழை பெய்தால் ஒழுகாத மூலையில் அடுக்கிய புத்தகங்கள். அந்த அறையில் உட்கார்ந்தபடியே அவன் சைபீரியப் பனியில் நடந்திருக்கிறான், அமேசானில் படகு விட்டிருக்கிறான். ஆளே வராத நூலகத்துக்கு எதற்கு ஆள் என்று மாவட்டத்தில் கேட்டார்கள். ஒரு பொதுக்கூட்டம் நடத்து, குறைந்தது முப்பது பேர் வரட்டும், படம் எடுத்து அனுப்பு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். கெடு இன்றோடு முடிகிறது. தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: "'மிசொகினியா' என்னும் சொல்: பொருளும் பிறப்பும்." பெண்வெறுப்பு.

பெண்வெறுப்பைப் பற்றிய கூட்டத்தை, ஊரில் ஆண்கள் வெளியே வர முடியாத ஒரே நாளில் வைத்திருக்கிறார்களே என்று நினைக்க நினைக்க ஸ்தேர்யோஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. நூலகத்தின் பின்கதவு வாய்க்கால் பக்கம் திறக்கும். ஆண்கள் ஒவ்வொருவராகக் கொல்லை வழியாக வந்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

போன் மறுபடி அடித்தது. ஊர்த் தலைவர் அனெஸ்திஸ்.

"ஸ்தேர்யோஸ், கோவிச்சுக்க மாட்டியே? காலையில சாவிக்கொத்தைக் கொடுத்தேன்ல?"

"ஆமா."

"அதுல உன் நூலகத்துச் சாவியும் இருந்திருக்கு."

ஸ்தேர்யோஸ் கண்ணை மூடிக்கொண்டான். "கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்க மாட்டீங்களா தலைவரே?"

"எதுக்குப் பாக்கணும்? வருஷா வருஷம் கொடுக்கறேன், மறுநாள் அப்படியே திரும்பி வந்துடுது. அதுல என்ன சாவி இருக்குன்னு என்னிக்கு யாரு பாத்தா?"

வேறு வழியில்லாமல் மனைவியை அழைத்தான். போனில் முதலில் மேளம் கேட்டது, பிறகு சிரிப்பு, கடைசியாகச் சுல்தானா.

"சாவியா? அது எதுக்கு? அந்த அறையில குளிர்ல விறைச்சுப் போயிடுவாங்க. இங்கேயே வச்சுக்கலாம். நாற்காலியெல்லாம் போட்டாச்சு."

"அங்கேயா? பேராசிரியரை வாளியால வரவேற்கவா?"

"முழுசா கேளேன். பேராசிரியரை நாங்க பாத்துக்கறோம். ஹரிக்லியா என்கிட்ட—"

"நீங்க பாத்துக்கற லட்சணம்தான் தெரியுமே! போன வருஷம் மின்சார மீட்டர் பாக்க வந்தவனைப் பாத்துக்கிட்டீங்க. அவன் இன்னும் இருமிக்கிட்டிருக்கான்."

"அய்யோ, அது வேற கதை. இவங்களைப் பத்தி நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும்—"

"படிச்ச மனுஷன்மேல கை வச்சீங்கன்னா நல்லா இருக்காது, ஆமா!"

"ஸ்தேர்யோஸ்."

"என்ன?"

"பீன்ஸ் சூப்பைக் கிளறினியா?"

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் சூப் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருந்தது.

ஆக, இருக்கிற ஒரே இடம் அவன் வீடு. ஸ்தேர்யோஸ் ஊரில் இருந்த ஆண்களையெல்லாம் போனில் பிடித்தான். "கொல்லைப்பக்கமா வாங்க. தெருவுக்கு மட்டும் வராதீங்க."

"இங்க தலைக்குமேல வேலை கிடக்குடா," என்றார்கள் எல்லாரும், ஏதோ பிறந்ததிலிருந்து செய்து வருபவர்களைப் போல.

"வேலையைக் கையோட எடுத்துக்கிட்டு வாங்க!"

எடுத்துக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தது பக்கத்து வீட்டு பாஸ்காலிஸ், ரொட்டிக்கடைக்காரன். கோழிக்கூண்டைத் தாண்டி வந்தான். இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை மார்பிலும் ஒன்றை முதுகிலும் கட்டியிருந்தான். மார்பில் இருந்தது அழுதது, முதுகில் இருந்தது அவன் தலைமுடியைப் பிய்த்தது. பின்னால் ஒருவர் பிழியாத துணிகளைத் தொட்டியோடு தூக்கி வந்தார். ஒருவர் பாதி இறகு பிடுங்கிய கோழியோடு வந்தார். ஊர்த் தலைவர் அனெஸ்திஸ், சட்டைப் பொத்தானைத் தைக்கிறேன் என்று சட்டையைத் தன் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தார். எல்லார் இடுப்பிலும் ஏப்ரன். பூப்போட்டது, கோடு போட்டது, 'உலகின் சிறந்த அம்மா' என்று எழுதியது.

"இந்த உருளைக்கிழங்கை உரிச்சா கோலிக்குண்டு அளவு கிழங்கும் வாளியளவு தோலும் வருதே, ஏன்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"நீ தோலை உரிக்கல, கிழங்கை உரிக்கறே."

"அவ எப்படிடா பத்து நிமிஷத்துல முடிக்கறா?"

"அவங்களுக்கு அது தானா வரும்," என்றார் அனெஸ்திஸ். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சமையலறையும் கூடமும் நிறைந்துவிட்டன. ஆள் கணக்கு முப்பதைத் தொட்டது. இனி பேராசிரியர் ஒருவர்தான் பாக்கி. அவரோ நேரே சதுக்கத்தில் போய் இறங்குவார். சதுக்கத்தில்தான் காபிக்கடை. காபிக்கடை வாசலில்தான் வாளிகள்.

"யாராவது போய் அவரை மடக்கணும்," என்றான் ஸ்தேர்யோஸ்.

எல்லாரும் திடீரென்று தங்கள் வேலையில் மூழ்கினார்கள்.

"நான் ரெண்டு உயிரைச் சுமந்துக்கிட்டிருக்கேன்," என்றான் பாஸ்காலிஸ்.

"நான் தைக்கப்பட்டிருக்கேன்," என்றார் தலைவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு சுல்தானாவின் சிவப்புச் சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டான் ஸ்தேர்யோஸ். கோயிலின் பின்சுவரை ஒட்டி, குனிந்து, சின்னச் சின்ன அடி வைத்து நடந்தான். மீசையைச் சால்வைக்குள் மறைத்தாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் முழங்கால் வலிக்கிற ஒரு பெண் என்று நினைக்கலாம்.

சதுக்கத்தின் ஓரத்தை அவன் எட்டியபோதே கார் வந்து நின்றிருந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு பக்கம் கறுப்புக் கோட்டில் உயரமான, நரைத்த தாடிக்காரர். மூக்குக்கண்ணாடி. பேராசிரியர் என்று எழுதி ஒட்டத் தேவையில்லை. மறுபக்கம் ஒரு பெண். அவரைக் கண்டதும் காபிக்கடையிலிருந்து ஆரவாரத்தோடு ஓடிவந்த கூட்டம் கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, கையில் ஒரு கோப்பையைத் திணித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

'வீட்டம்மாவையும் கூட்டி வந்திருக்கிறார். நல்லதாகப் போயிற்று, அவங்களுக்கும் பொழுது போகும்' என்று நினைத்துக்கொண்டான் ஸ்தேர்யோஸ்.

தாடிக்காரர் மட்டும் தனியே நின்று இடமும் வலமும் பார்த்தார். மூன்று பெண்கள் வாளிகளோடு அவரை நோக்கி மெதுவாக நடந்தார்கள். வேட்டை நாய்கள் கூட அவ்வளவு பொறுமையாக வராது.

"ஐயா, ஓடுங்க!"

"என்ன?" என்று அவர் திரும்பினார். முதல் வாளி நேராக அவர் முகத்தில் விழுந்தது. இரண்டாவது கோட்டில். மூன்றாவதைத் தடுக்கப் பாய்ந்த ஸ்தேர்யோஸ் அதை முழுதாக வாங்கிக்கொண்டான்.

"ஏய் சுல்தானா!" என்று யாரோ கத்தினார்கள். "உன் சால்வை ஓடுதுடி! மீசை வச்சுக்கிட்டு ஓடுது!"

அவன் தாடிக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

"ஒரு நிமிஷம்... நான் வந்து ஒண்ணு கேக்க..."

"கேள்வி நேரம் கடைசியிலதான் ஐயா!"

"அதில்லீங்க, நான்..."

"மூச்சை வீணாக்காதீங்க, வேலி தாண்டணும்!"

தாண்டினார்கள். கோட்டின் ஒரு பாக்கெட் வேலியிலேயே தங்கிவிட்டது. கோழிக்கூண்டு வழியாக அவர் சமையலறைக்குள் நுழைந்தபோது தாடியிலிருந்து தண்ணீரும் முழங்கையிலிருந்து கோழியிறகும் உதிர்ந்தன. ஏப்ரன் கட்டிய ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்புக் குழந்தை வீறிட்டது.

"மன்னிக்கணும்," என்றார் வந்தவர், பற்கள் கிடுகிடுக்க. "இங்க ஏதோ தப்பு..."

"தப்புதான் ஐயா! எல்லாம் எங்க தப்புதான்! நாள் பாக்காம வச்ச அந்த அலுவலகத்தம்மாவோட தப்பு!" ஸ்தேர்யோஸ் அவருடைய கோட்டைக் கழற்றினான், தன்னுடைய கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டான். காய்ந்த துணி அதற்குமேல் இல்லை. மிச்சமிருந்த ஏப்ரனை எடுத்து அவர் இடுப்பில் கட்டினான். மஞ்சள் நிறம், ஓரத்தில் சுருக்கு வைத்தது. திராட்சைச் சாராயம் ஒரு கிளாஸ் கொடுத்தான். வந்தவர் அதை ஒரே மடக்கில் குடித்தார். இன்னொன்று கொடுத்தான். அதையும் குடித்தார்.

"இப்ப பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"மிசொகினியா. பொருளும் பிறப்பும்."

வந்தவர் சுற்றிலும் பார்த்தார். வாசலை ஊர்த் தலைவர் மறைத்திருந்தார். ஜன்னலைத் துணித்தொட்டி மறைத்திருந்தது.

"எனக்கு அதுல பெருசா ஒண்ணும் தெரியாதுங்க," என்றார்.

"என்ன அடக்கம்!" என்றார் அனெஸ்திஸ். மறுபடி கைதட்டல்.

"சத்தியமா. ஏதோ வீட்டுல காதுல விழுந்ததுதான்."

"அதுதான் ஐயா வேணும்! எங்களுக்குப் புத்தகப் பேச்சு புரியாது. வீட்டுல பேசற மாதிரியே பேசுங்க."

வந்தவர் மூன்றாவது கிளாஸைக் குடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். வேறு வழியில்லை என்று தீர்மானித்த மனிதனின் பெருமூச்சு.

"அது ரெண்டு சொல்லுங்க. 'மிசோஸ்'னா வெறுப்பு. 'கினீ'ன்னா பொம்பளை. ரெண்டையும் ஒட்டினாங்க. ரொம்பப் பழைய சொல்லு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகுது."

"நம்ம சொல்லுதானே?" என்று கேட்டார் அனெஸ்திஸ்.

"நம்மளுதுதாங்க."

"பாத்தீங்களாடா! உலகத்துல எல்லாரும் நம்மகிட்டருந்துதான் எடுத்துக்கிட்டாங்க!" என்றார் தலைவர். கூட்டம் பெருமையோடு கைதட்டியது.

"இதுல கைதட்ட என்ன இருக்குன்னு எங்க வீட்டுல கேப்பாங்க," என்றார் வந்தவர் மெதுவாக.

"மேல சொல்லுங்க ஐயா."

"அந்தக் காலத்துல மனசைப் பத்தி யோசிச்சவங்க, இதை நோய்ன்னே சொன்னாங்களாம். காய்ச்சல் மாதிரி. சில பேருக்கு ஒயினைக் கண்டா ஆகாது, சில பேருக்கு மனுஷங்களைக் கண்டா ஆகாது, சில பேருக்குப் பொம்பளைங்களைக் கண்டா ஆகாது. எல்லாம் ஒரே சாதி நோய்."

"ஒயினைக் கண்டா ஆகாதா?" பாஸ்காலிஸ் அதிர்ந்துபோனான். "பாவம், அவன் எப்படிப் பிழைச்சிருப்பான்!"

"நம்ம ஊர்ல அந்த நோய் இல்லை," என்றார் அனெஸ்திஸ். "எது? மூணுல எதுவுமே இல்லை. வருஷத்துல ஒரு நாள் முழு ஊரையும் தூக்கிப் பொம்பளைங்க கையில கொடுக்கறோமே, யாரு கொடுப்பா?"

"மிச்ச நாள்?" என்று கேட்டார் வந்தவர்.

"மிச்ச நாள் அவங்களுக்கு வேலை இருக்குமே!"

வந்தவர் அவரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

"அந்த நோய் எப்பவும் வெறுப்பு மாதிரியே தெரியாதுங்களாம். சிரிச்ச முகத்தோட வருமாம். அன்பாக்கூட இருக்குமாம். ஆனா அவங்க வாயைத் திறந்தா பாதியிலேயே நாம முடிச்சு வைப்போமாம். எங்கிட்ட இதை எத்தனை தடவை சொல்லியிருக்காங்க தெரியுமா? நானும் ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே, 'தெரியும் தெரியும்'னு சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு நேர்மை!" என்று ஸ்தேர்யோஸ் பாஸ்காலிஸின் காதில் சொன்னான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நூலகம் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை முதல்முறையாக வந்தது. ஆனால் பாஸ்காலிஸ் பதில் சொல்வதற்குள் காபிக்கடைப் பக்கமிருந்து இடிபோலக் கைதட்டல் எழுந்தது. வந்தவரின் குரல் அதில் அமுங்கிப்போயிற்று.

"இவங்களுக்கு விவஸ்தையே இல்லையா?" ஸ்தேர்யோஸ் எரிச்சலோடு ஜன்னலை அடைத்தான். "ஒரு அறிஞர் பேசற நேரத்துல ஆட்டமும் கூத்தும்!"

ஜன்னலை அடைத்ததும் புகை வெளியே போக வழியில்லாமல் போயிற்று. அப்போதுதான் மறுபடி மூட்டிய அடுப்பில் பீன்ஸ் கருகிக்கொண்டிருப்பது தெரிந்தது. இருமலுக்கு நடுவே சொற்பொழிவு முடிந்தது.

"சீக்கிரம், படம்! எல்லாரும் ஒண்ணா நில்லுங்க. ஐயா நடுவுல."

நின்றார்கள். ஸ்தேர்யோஸ் போனை உயர்த்தினான். உயர்த்தியவன் அப்படியே நின்றான்.

"என்னடா?"

"பெண்வெறுப்பைப் பத்தின கூட்டம். இதுல ஒரு பொம்பளைகூட இல்லையே."



"அதனால என்ன?" என்றார் உருளைக்கிழங்கு உரித்தவர்.

"அதனால என்னவா? அந்த அலுவலகத்தம்மா படத்தைப் பாத்து சிரிப்பாங்கடா!"

"சால்வை இருக்குல்ல?" என்றான் பாஸ்காலிஸ்.

சிவப்புச் சால்வை ஊர்த் தலைவரின் தலைக்குப் போயிற்று. ஈரமாக இருந்ததால் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. மீசை தெரிந்தது. மீசையை மறைக்க முதுகுக் குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். குழந்தை மீசையைப் பிடித்து இழுத்தது. அந்த நொடியில் படம் பதிவானது.

ஸ்தேர்யோஸ் அதை அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். அடுத்த நிமிடமே ஹரிக்லியா அழைத்தார்.

"ஸ்தேர்யோஸ், மனசார வாழ்த்துக்கள். முப்பது பேர் கேட்டேன், எண்பது பேர் வந்திருக்காங்க. நூலகத்தை இனிமே யாரும் தொட மாட்டாங்க."

"எண்பதா?" அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். புகையில் ஆட்கள் இரட்டிப்பாகத் தெரிந்திருக்கலாம். "எப்படியோ, பாத்துட்டீங்கல்ல? அது போதும்."

"பாத்தேன். கூட்டத்துப் படம் அப்பவே வந்துடுச்சே. இப்ப நீங்க ஒண்ணு அனுப்பியிருக்கீங்களே, அதுதான் எனக்குப் புரியல. குழந்தையைக் கடிக்கறவங்க யாரு?"

"அது எங்க தலை... அது ஒரு அம்மா. அதை விடுங்க. பேராசிரியரைப் பாருங்க. நடுவுல நிக்கறாரு."

"நடுவுல மஞ்சள் ஏப்ரன்காரர் ஒருத்தர்தான் நிக்கறாரு."

"அவர்தாங்க!"

"அவர் யாரு?"

ஸ்தேர்யோஸுக்குப் பொறுமை போயிற்று. காலையிலிருந்து இந்தப் பெண்மணிக்கு எதைச் சொன்னாலும் புரிவதில்லை. இவ்வளவு படித்த ஒரு மனிதரை நனைத்து, வேலி தாண்ட வைத்து, ஏப்ரன் கட்டி நிறுத்தியிருக்கிறோம், யார் என்று கேட்கிறார்! அவன் போனை வந்தவர் கையில் திணித்தான்.

"ஐயா, நான் சொன்னா இவங்க நம்ப மாட்டாங்க. நீங்க யாருன்னு நீங்களே முழுசா சொல்லுங்க. யாரும் குறுக்கே பேசக்கூடாது!"

அறை அமைதியானது. குழந்தைகள்கூட வாயை மூடின. வந்தவர் தொண்டையைச் செருமி, ஏப்ரனை நேராக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தார்.

"வணக்கம்மா. நான் பேராசிரியரோட வீட்டுக்காரருங்க. காரை எங்க நிறுத்தறதுன்னு கேக்கத்தான் இறங்கினேன்."